ப்ராஜெக்ட் மேனேஜர் டீமுக்கு என்னதான் செய்யணும்? (எபென் அனுபவம்)

13 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

ஆறு மாதம் முன்னால் என்னை ப்ராஜெக்ட் மேனேஜர் ஆக்கினார்கள். மொரிஷியஸ், எபெனில் வேலை. டீமில் ஏழு பேர், கிளையண்ட் பிரான்ஸில். "டீமுக்கு ஆதரவாக இரு" என்று மேலே இருக்கிறவர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆதரவு என்றால் என்ன? பீட்சா வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாள் கேக் வெட்டினேன். "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாரா வாரம் சொல்கிறேன். ஒருத்தரும் எதுவும் கேட்பதில்லை. ரெண்டு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

13 பிப்ரவரி, இரவு

தம்பி, நானும் எபென்தான், 2013இலிருந்து. "எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பது கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு எல்லோரையும் பார்த்துப் பொதுவாக "சாப்பிட்டுப் போங்க" என்று சொல்கிற மாதிரி. யாரும் உட்கார மாட்டார்கள். இலை போட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தால்தான் பந்தி நடக்கும்.

உதவியைக் கேட்க வைக்காதீர்கள். எது இடிக்கிறது என்று நீங்களே போய்ப் பார்த்து எடுத்துப் போடுங்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், குடையாக இருங்கள். மேலேயிருந்து கொட்டுவது எதுவும் டீம் தலையில் விழக்கூடாது. பீட்சா எல்லாம் அப்புறம்.

14 பிப்ரவரி

குடை என்றால் என்ன, கதையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள் என்கிறார்கள் இதைப் படித்த சிலர். சரி.

இந்தத் திங்கட்கிழமை காலை பிரான்ஸின் லியோனில் இருக்கிற எங்கள் கிளையண்டிடமிருந்து வந்த மெயில் பதினொன்று. நாலு, போன வாரமே பதில் சொன்னவை. ரெண்டு, அங்கே இருக்கிற ரெண்டு மேனேஜர்களுக்குள் நடக்கிற பங்காளிச் சண்டை. சாட்சிக்கு எங்களைக் காப்பியில் போட்டிருந்தார்கள். ஒன்றின் தலைப்பில் பெரிய எழுத்தில் "அவசரம்", உள்ளே போனால் ஒரு பொத்தானின் நிறம். மூன்று, பேசி முடிவெடுக்க வேண்டியவை. ஒன்றே ஒன்று நிஜமாகவே உடைந்த விஷயம்.

டீமுக்குப் போனது அந்த உடைந்ததும், மூன்றில் ஒன்றும். மீதி ஒன்பதும் என் மேஜையிலேயே முடிந்தன. எனக்கு அரை நாள் போயிற்று. பதினொன்றையும் அப்படியே ஃபார்வர்டு செய்திருந்தால் எனக்குப் பத்து நிமிஷம்தான். ஆனால் என் டீமில் எட்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் போயிருக்கும். இந்த அரை நாளுக்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நான் நினைக்கிறேன்.

16 பிப்ரவரி

தைப்பூசக் காவடி இப்போதுதான் முடிந்தது. அதனால் பழைய பாவம் ஒன்று ஞாபகம் வந்தது.

2014. நான் இங்கே வந்த முதல் தைப்பூசம், ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. இங்கே அது அரசு விடுமுறை. நான் காரைக்குடிப் பக்கம், பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவள். ஆனால் தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை வந்ததே 2021இல்தான். அதனால் "லீவு நாள்" என்று என் மண்டையில் அது பதிவே ஆகவில்லை. கிளையண்ட் அந்த வெள்ளியன்று ரிலீஸ் (மென்பொருளின் புதுப் பதிப்பு) வேண்டும் என்றார். அவர்களுக்கு அது சாதாரண வெள்ளி. "அரை நாள் வேலைதானே" என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அதற்கு முந்தின வாரம் டீமுக்கு பிரியாணி வாங்கியிருந்தேன். நாலு பேர் தட்டில் சாலட் மட்டும். டயட்டோ என்று கிண்டல் வேறு செய்தேன். பத்து நாள் விரதம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளி மாலை நாலரைக்கு எங்கள் டேட்டாபேஸ் பையன் அலுவலகத்துக்கு வந்தான். நெற்றி நிறைய விபூதி. ரெண்டு கன்னத்திலும் வேல் குத்திய இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி. காலை முதல் வெறுங்காலோடு தாரில் நடந்தவன். பாதத்தை முழுசாகத் தரையில் ஊன்ற முடியாமல், நாற்காலிக்குக் கீழே ஒருக்களித்து வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் ஓட்டினான். நாற்பது நிமிஷம். நான் பக்கத்தில் நின்றேன், உட்கார மனசு வரவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்க தமிழ், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான். இதைச் சொன்னது கிரியோலில். அவன் குடும்பத்தில் தமிழ் பேசி நாலு தலைமுறை ஆகிறது.

அந்த ரிலீஸை லியோனில் திறந்து பார்த்தது அடுத்த செவ்வாய்க்கிழமை.

16 பிப்ரவரி, கொஞ்சம் கழித்து

கதையோடு நிறுத்திவிட்டேன், அதற்கப்புறம் என்ன செய்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். ஜனவரி முதல் வாரமே இங்குள்ள விடுமுறைகளைக் கிளையண்டுக்கு அனுப்பிவிடுவேன். இந்த வருஷம் ஜனவரி 29 சீன வசந்த விழா, பிப்ரவரி 11 காவடி, 26 மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய நாள், மாதக் கடைசியில் உகாதி, ரம்ஜான். சிவராத்திரிக்கு முன்னால் கங்கா தலாவ் புனித ஏரிக்கு நடந்து போகிறவர்கள் நாள் கணக்கில் நடப்பார்கள், அதற்கும் லீவு. காலண்டரில் அந்த நாட்கள் இருக்காது, வாய் திறந்து கேட்டால்தான் வரும். அவர்கள் பக்கமும் உண்டு: மே 1, 8, 29, அப்புறம் ஆகஸ்ட் முழுக்க ஈ ஓட்டலாம். ரெண்டையும் ஒரே தாளில் போட்டால் பிப்ரவரியில் யார் தலையிலும் ரிலீஸ் விழாது. பத்து நிமிஷ வேலை. இதைவிட மலிவான ஆதரவு எனக்குத் தெரியாது.

19 பிப்ரவரி

ஸ்டாண்ட்-அப் (தினமும் டீம் நின்றபடியே பேசுகிற சின்னக் கூட்டம்) பற்றி எழுதச் சொன்னவருக்கு. நான் வருஷக்கணக்கில் தப்பாகத்தான் நடத்தினேன். வட்டமாக நிற்போம். நேற்று என்ன, இன்று என்ன, என்ன தடங்கல் என்று ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பேன். எட்டு பேரும் என் முகத்தைப் பார்த்து ஒப்பிப்பார்கள். வாத்தியார் முன்னால் வாய்ப்பாடு. ஒருவர் பேசும்போது மற்ற ஏழு பேரும் தங்கள் வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் தொண்டை கட்டிப் போய் ஓரமாக நின்றேன். கேள்வி கேட்க ஆளில்லை. ரெண்டு நிமிஷம் அசடு வழிந்தது. அப்புறம் ரெண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரே ஃபைலில் ரெண்டு பேரும் கை வைத்துக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதிலிருந்து ஓரம்தான் என் இடம்.

20 பிப்ரவரி

ஒருவர் பிடித்துவிட்டார்: அந்த மூன்று கேள்விகள் ஸ்க்ரம் என்கிற வேலைமுறையின் வழிகாட்டியிலேயே இப்போது கிடையாது, 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். உண்மைதான். பதினைந்து நிமிஷம் என்பது மட்டும் இருக்கிறது. அதுவும் வேலை செய்கிறவர்களுக்கான பேச்சு, மேனேஜருக்குக் கணக்கு ஒப்பிக்க அல்ல. தொண்டை கட்டாமலே படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்று, மறைக்கக் கூடாது. நான் ஓரமாக நின்ற முதல் மாதம் ஸ்டாண்ட்-அப் இருபத்தைந்து நிமிஷம் வரை இழுத்தது. கால்பந்தும் பேசினார்கள்.

1 மார்ச்

ரெண்டு நாளாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். கரான்ஸ் புயல் எங்களை உரசிவிட்டுப் போய், நேற்று பக்கத்துத் தீவான ரீயூனியனின் வடக்கில் கரையைக் கடந்தது. செயின்ட் டெனி பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு வரி போடுங்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்காக: இங்கே புயல் எச்சரிக்கை நாலு கிளாஸ். கிளாஸ் 1 என்றால் எங்கோ இருக்கிறது, கவனி. கிளாஸ் 2 என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வர இன்னும் பன்னிரண்டு மணி நேரம். கிளாஸ் 3 என்றால் ஆறு மணி நேரம். கிளாஸ் 4 என்றால் வந்தேவிட்டது. மொரிஷியஸில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். கிளாஸ் 3 போட்டதும் எல்லோரும் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள்.

இதை எழுதும்போது பெலால் புயல் நினைவுக்கு வருகிறது. 2024 ஜனவரி 15, திங்கள். ஞாயிறு ராத்திரி டீம் குரூப்பில் நான் போட்ட செய்தி: "முடிந்தவர்கள் வாருங்கள்." ரொம்பப் பெருந்தன்மையாக எழுதியதாக நினைப்பு எனக்கு. மூன்று பேர் கிளம்பினார்கள். அவர்களில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், வேலை நிரந்தரம் ஆகாதவன், போர்ட் லூயிஸ் வழியாக வந்தான். அன்றைக்கு அங்கே தெருவில் கார்கள் மிதந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இவன் காரை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தின் மாடியில் சாயங்காலம் வரை முட்டியளவு ஈரத்தோடு நின்றான். "ரிமோட்டில் லாகின் பண்ணவா?" என்று அங்கிருந்து செய்தி அனுப்பினான். அதைப் படித்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

எச்சரிக்கை தாமதம் என்று நாடே கொதித்தது. வானிலைத் துறைத் தலைவர் பதவி விலகினார். "முடிந்தவர்கள் வாருங்கள்" என்று எழுதிய நான் பதவியில்தான் இருக்கிறேன்.

"முடிந்தால்" என்ற வார்த்தை முடிவெடுக்கிற பாரத்தை, இருப்பதிலேயே பலம் குறைந்தவன் தோளில் ஏற்றிவிடுகிறது. சீனியர் சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வார். புதியவன் கார் சாவியை எடுப்பான். வா அல்லது வராதே, ரெண்டில் ஒன்றை மேனேஜர்தான் சொல்ல வேண்டும். "முடிந்தால் சனிக்கிழமை பார்", "முடிந்தால் ராத்திரிக்குள் அனுப்பு" எல்லாம் அதே ஜாதி.

3 மார்ச்

திருத்தம். அப்பா கடலுக்குப் போகிற குடும்பத்துப் பையன் ஒருவன் என் டீமில் இருக்கிறான், மதியம் சொன்னான்: கிளாஸ் 2க்குப் பன்னிரண்டு மணி நேரம், கிளாஸ் 3க்கு ஆறு மணி நேரம் என்பது வெறும் மணி நேரமல்ல, பகல் வெளிச்சம் உள்ள மணி நேரம். ராத்திரியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இருட்டில் கூரைக்குக் கயிறு கட்ட முடியாதே.

பன்னிரண்டு வருஷம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாது. அதிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

9 மார்ச்

பிப்ரவரி 13ஆம் தேதி "குடையாக இருங்கள்" என்று எழுதினேன் இல்லையா, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் வேறொரு நிறுவனம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கிளையண்ட் அக்டோபர் தொடக்கத்தில் என்னிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார். நான் டீமிடம் மூச்சு விடவில்லை. பயப்படுவார்கள், வேலை கெடும், கடைசி நேரத்தில் மனசு மாறினாலும் மாறுவார்கள். இப்படி எனக்கு நானே நிறைய நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆறு வாரம் தினமும் சிரித்த முகத்தோடு போனேன். என்னை நானே தியாகி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நடுவில் எங்கள் டெஸ்டர் பெண் ஃபிளாக் பக்கம் வீட்டுக்குக் கடன் வாங்கினாள். கையெழுத்துப் போட்ட அன்று எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தாள். நானும் சாப்பிட்டேன்.

நவம்பர் நடுவில் செய்தி வெளியானது. அவள் வேலை போகவில்லை, வேறு ப்ராஜெக்டில் போட்டார்கள். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் அலவன்ஸ் நின்றது. அந்த அலவன்ஸை நம்பித்தான் மாதத் தவணை. என் மேஜைக்கு வந்தாள். கேட்டது ஒரே கேள்வி: "ஊ தி கோனே?" உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று அர்த்தம். கிரியோலில் நெருக்கமானவர்களை "தோ" என்பார்கள், நம் "நீ" மாதிரி. "ஊ" என்றால் "நீங்கள்". நாலு வருஷமாக என்னைத் "தோ" என்று கூப்பிட்டவள்.

கொட்டுகிற மழையைத் தடுப்பது சரி. ஆனால் வானம் எப்படி இருக்கிறது என்பதையும் அந்தக் குடை மறைத்துவிட்டது. அந்த மீனவர் வீட்டுப் பையன் சொன்னது இங்கேதான் எனக்கு உறைத்தது. நான் ஆறு வாரம் வைத்திருந்தேன், அவளுக்குக் கிடைத்தது இருட்டு மட்டும். கடனில் கையெழுத்துப் போடும் முன்னால் சொல்லியிருந்தால் அது பகல்.

இப்போது நான் பிரித்துக்கொள்வது இப்படி. சத்தம், கோபம், "அவசரம்" என்ற தலைப்பு, மேல்மட்டச் சண்டை: இவை குடைக்கு மேலேயே நிற்கட்டும். ஆளின் பணம், லீவு, குடும்பம், அடுத்த வேலை இவற்றைத் தொடுகிற எந்தச் செய்தியும் நிச்சயமாகும் முன்னாலேயே போகட்டும். "இது உறுதி இல்லை, எனக்கு இவ்வளவுதான் தெரியும், வெள்ளிக்கிழமை மறுபடி சொல்கிறேன்" என்று அளந்து சொல்லலாம். வெள்ளிக்கிழமை சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "ஒன்றும் இல்லை" என்று போய்ச் சொல்ல வேண்டும்.

10 மார்ச்

"ரகசியம் என்று கிளையண்ட் சொன்னால்?" என்று ஒருவர் கேட்கிறார். அப்போது வாயைத் திறக்க முடியாதுதான். ஆனால் எனக்கு அன்று யாரும் ரகசியம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் பூட்டு போட்டேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

18 மார்ச்

இங்கே வேலை செய்யாதவர்களுக்கு ஒரு சொல் அறிமுகம்: "கொரெக்". எல்லாம் சரி, ஓகே, நடக்கும், கவலைப்படாதே எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல். நம் ஊர் "பார்த்துக்கலாம்" மாதிரி.

எங்கள் டீமில் பேமெண்ட் பகுதியைப் பார்த்தவர் மூன்று வாரம் "கொரெக்" சொன்னார். டெமோவுக்கு முந்தின நாள் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் எலும்புக்கூடு. கோபப்பட்டேன். அப்புறம் யோசித்தால், மூன்று வாரமும் நான் கேட்டது "எல்லாம் ஓகேதானே?" அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. "இல்லை" என்று சொன்னால் என் முகம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும், முன்பு ஒரு தரம் பார்த்திருக்கிறார்.

இப்போது நான் கேட்பது: "இதில் உனக்குத் தூக்கம் கெடுக்கிற இடம் எது?" "நாளைக்கு நீ வராவிட்டால் இதை எடுத்துச் செய்பவர் எங்கே மாட்டிக்கொள்வார்?" இவற்றுக்குக் கொரெக் என்று பதில் சொல்ல முடியாது. முதல் தடவை கேட்டபோது அவர் விழித்தார். ரெண்டாம் வாரம் வெள்ளைப் பலகைக்குக் கூட்டிப்போய் அம்புக்குறி போட்டுக் காட்டினார்.

மீட்டிங் ரூமில் கேட்டால் இதுவும் வராது. தால் பூரி வண்டி வரிசையில் நிற்கும்போது கேளுங்கள். ஜோடியாகத்தான் தருவார்கள், ரெண்டு பேர் போனால் நாலு. வரிசை பத்து நிமிஷம், சாப்பிட இன்னொரு பத்து. நேருக்கு நேர் முகம் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பேசும்போது மனுஷர்கள் உண்மை சொல்கிறார்கள். காலண்டரில் போட்ட அரை மணி நேரத் தனிச் சந்திப்பை நான் மாதத்துக்கு ரெண்டு தரம் தள்ளிப் போடுவேன். பசியைத் தள்ளிப் போட முடியாது.

31 மார்ச்

நேற்று பிரான்ஸில் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். குளிர்காலத்தில் லியோனுக்கும் எங்களுக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம், இனி அக்டோபர் கடைசி வரை ரெண்டு. அவர்கள் ஆறு மணிக்குக் கிளம்புவதற்கு முன்னால் "ஒரு சின்ன கால்" என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு அது ராத்திரி ஒன்பது. ஊர்ப்பக்கம் போகிற பஸ் அதற்கெல்லாம் காத்திருக்காது. சூயாக்கிலிருந்து வருகிற பெண் இதற்காகவே எங்கள் டீமை விட்டுப் போனாள், வெளியேறும் படிவத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதிவிட்டு. அது சொந்தக் காரணம் இல்லை, என் காலண்டர்.

இப்போது பிரான்ஸ் நேரம் மாலை மூன்றரைக்கு மேல் கால் கிடையாது. கிளையண்டிடம் சொல்ல நான் ரொம்பப் பயந்தேன். அவர் சொன்னது: "அப்படியா, உங்களுக்கு என்ன நேரம் என்று எனக்குத் தெரியாதே." ஐந்து வருஷம்!

12 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: டெட்லைன் தள்ளுகிறது, மேலிடம் மூன்று பேரைக் கூடுதலாகத் தருகிறேன் என்கிறது, வாங்கிக்கொள்வதுதானே டீமுக்கு ஆதரவு?

வாங்காதீர்கள், அல்லது ரொம்ப யோசித்து வாங்குங்கள். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி நிபுணர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975இலேயே சொல்லிவிட்டார். கணக்கு எளிது. ஏழு பேருக்குள் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்பு 21. பத்து பேர் ஆனால் 45. ஆள் பாதிகூடக் கூடவில்லை, பேச்சு ரெண்டு மடங்குக்கு மேல். வருகிற மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுக்கப் போவது யார்? ஏற்கெனவே மூச்சு முட்டுகிற அந்த ஏழு பேர்தான்.

கேட்க வேண்டியது ஆள் அல்ல, வேலைக் குறைப்பு. "இந்தப் பன்னிரண்டில் எந்த நாலு இல்லாவிட்டாலும் ஜூனில் கடையைத் திறக்கலாம்?" என்று கிளையண்டைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். டீம் பத்து நாள் என்று சொன்னால் கிளையண்டிடம் ஏழு என்று சொல்கிற வியாதி எனக்கு இருந்தது. "கொஞ்சம் தள்ளினால் ஓடுவார்கள்" என்று நினைப்பு. அடுத்த தடவை டீம் பதினான்கு என்றது. நான் பத்து என்றேன். அவர்கள் இருபது என்றார்கள். சந்தையில் கத்தரிக்காய் பேரம் போல ஆயிற்று. யாருக்கும் உண்மையான எண் எது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம். அதைச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. டீம் சொன்ன எண்ணை வெட்டாமல் அப்படியே கிளையண்டிடம் சொல்லி, திட்டு வாங்கி, அந்தத் திட்டை அவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

ஆமாம், திட்டு குடைக்கு மேலேயே நிற்கட்டும் என்று மார்ச்சில் எழுதியது நான்தான். இந்த ஒரு திட்டு உள்ளே வந்தது நல்லதாகப் போயிற்று. முரண்பாடுதான், என்ன செய்ய.

4 மே

டீம் வாய் திறந்து பேச ஆரம்பித்தால் மேலிடத்தில் என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் பக் (மென்பொருள் பிழை) எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினார். "உன் டீம் தரம் இறங்கிவிட்டது."

தரம் அப்படியேதான் இருந்தது. முன்பெல்லாம் யாருக்கும் தெரியாமல் சரிசெய்து மூடினார்கள், இப்போது எழுதி வைக்கிறார்கள். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது இதையேதான் கண்டார். நல்ல குழுக்களில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், பதிவான தவறு அங்கேதான் அதிகம். தவறு அதிகம் செய்ததால் அல்ல, மறைக்காமல் பேசியதால் என்பதே அவர் கண்ட விளக்கம். 1999இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் "உளவியல் பாதுகாப்பு" (தப்பை வாய் திறந்து சொன்னாலும் அடி விழாது என்ற நம்பிக்கை) என்ற பேச்சு அலுவலகங்களில் பரவியது. டைரக்டரிடம் இதைச் சொன்னேன். "நாம் மருத்துவமனை இல்லை" என்றார். கிளையண்ட் பக்கம் கண்டுபிடித்த பக்குகள் குறைந்திருப்பதைத் தனியாகக் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டார். அந்த ரெண்டாவது கோட்டைத் தயாராக வைத்துக்கொண்டே டீமைப் பேச விடுங்கள்.

22 ஜூன்

"மேனேஜருக்கே அதிகாரம் இல்லை. சம்பளம் ஏற்ற முடியாது, ஆள் எடுக்க முடியாது. இந்த உபதேசம் எல்லாம் எதற்கு?" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை, ஏனென்றால் முக்கால்வாசி உண்மை.

ஒரு வருஷ அப்ரைசலில், எட்டு பேரில் ஒருவரையாவது கீழ்த்தட்டில் போடு என்றார்கள். எட்டு பேரும் நன்றாகச் செய்த வருஷம். ரெண்டு வாரம் வாதாடினேன். தோற்றேன். கடைசியில் யார் கம்மியாக மனசு உடைவார் என்று பார்த்து ஒருவர் பெயரைப் போட்டேன். திறமையைப் பார்த்து அல்ல. அவரிடம் உண்மையைச் சொன்னேன். "யாரையாவது போட வேண்டும், உன்னைப் போட்டேன்." அவர் சிரித்தார். மூன்று மாதத்தில் வேறு இடம் போனார். அன்றைக்கு நான் எழுத மறுத்திருக்க வேண்டுமா? மறுத்திருந்தால் டைரக்டரே ஒரு பெயரை எழுதியிருப்பார், அந்த ஆளைத் தெரியாமலே. இதற்கு என்னிடம் பதில் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.

20 செப்டம்பர்

தம்பியிடமிருந்து தனிச் செய்தி. டெட்லைன் தள்ளும் விஷயத்தை ஒரு மாதம் முன்னாலேயே டீமிடம் சொன்னாராம். ஒருத்தர் உடனே வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாராம். "நீங்கள் சொன்னபடி செய்தேன் அக்கா, ஆள் போச்சு" என்கிறார். போகத்தான் செய்வார்கள். பகல் கொடுத்தால் சிலர் கூரையைக் கட்டுவார்கள், சிலர் ஊரை விட்டுக் கிளம்புவார்கள். கிளம்பியவர் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போனாரா என்று கேட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனாராம். மீதி ஆறு பேரும் இருக்கிறார்கள்.

நான் அடுத்த வருஷக் காலண்டரைப் போட உட்கார்ந்தேன். 2026 தைப்பூசம் பிப்ரவரி 1. அடிமை முறை ஒழிப்பு நாளும் அதே பிப்ரவரி 1. கிழமையைப் பார்த்தால் ஞாயிறு. ரெண்டு அரசு விடுமுறையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கரைந்து போகின்றன. டீமில் இன்னும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஜனவரி வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

மதியம் தால் பூரி வரிசையில் சொல்லிவிட்டேன். என்னமோ நான்தான் பஞ்சாங்கம் எழுதியவள் மாதிரி முறைத்தார்கள். அந்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு இப்போதே ஐந்து லீவு விண்ணப்பம் வந்திருக்கிறது.